அம்மா சேவ் பண்ணிய பேட்டரி

எனக்கு ஒரு ஆங்கிலச் சொல்லின் மேல் கோபம். சொல்லின் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று என் அண்ணன் கேட்பான். ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் எதன் மேலாவது கோபத்தைக் கொட்ட வேண்டுமே. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா மேல் கோபப்பட எனக்கு மனசு வராது. அண்ணனோடு பேச்சு குறைந்துபோய்விட்டது. கையில் மிச்சம் இருப்பது இந்த 'சேவ்' ஒன்றுதான்.

சிங்கப்பூரில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடியாது. தேக்கா கடைத்தெருவில் அரிசி மூட்டை மேல் மஞ்சள் அட்டை ஒட்டியிருப்பார்கள், இத்தனை வெள்ளி சேவ் என்று. "வாங்காமலே போனா முழுசும் சேவ் ஆகுமே" என்று அப்பா அந்த அட்டையைப் பார்த்துச் சிரிப்பார். அலுவலகத்தில் ஃபைலை சேவ் பண்ணியாச்சா என்பார்கள். புதிதாகப் பழகியவர்கள் உங்க நம்பரை சேவ் பண்ணிக்கிறேன் என்பார்கள், பண்ணமாட்டார்கள். நான் படித்த பள்ளியில் ஒவ்வொரு குழாய்க்கும் மேலே, அழுகிற முகம் வைத்த நீர்த்துளி ஒன்றை ஒட்டி, சேவ் வாட்டர் என்று எழுதியிருந்தது. தமிழ் வகுப்பில் மட்டும் 'சேமி' என்று எழுதினோம். எங்கள் வீட்டில் யாரும் 'சேமி' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சேமிக்கிறவர்கள் பாடப்புத்தகத்தில் இருந்தார்கள். எங்கள் வீட்டில் சேவ் பண்ணினார்கள்.

இந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அப்பா. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் கிரேனுக்குக் கீழே நின்று கற்றது: ஸ்லோ, ஸ்டாப், லோவர், வாட்ச் அவுட். சேவ் எங்கேயிருந்து ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் மற்ற சொற்களுக்கு வேலை போய்விட்டது. இதற்கு மட்டும் ஓவர்டைம்.

"ஃபேன ஒண்ணுல வை, சேவ் பண்ணு." "ஃப்ரிட்ஜ் என்ன டிவியா, தொறந்து வெச்சுப் பாத்துக்கிட்டே நிக்கிற? சேவ் பண்ணு." பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து உள்ளே வழித்துத் தேய்ப்பார். குளியலறையில் ஷவர் இருந்தது. ஆனால் பக்கெட்டில்தான் குளிக்க வேண்டும். தொட்டதற்கெல்லாம் சேவ். நானும் அண்ணனும் சின்ன வயதில் அவருக்கு மிஸ்டர் சேவ் என்று பெயர் வைத்திருந்தோம். அவர் காதுபடவே சொல்வோம், கோபித்துக்கொள்ள மாட்டார். பட்டம் கிடைத்த மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. ஆனால் இந்த ஒரு சொல்லில் வாத்தியாரையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் கறிவேப்பிலை, கறிவேப்பிலை வந்த பையில் பூண்டுத்தோல். தீபாவளிக்கு எடுத்த புடவை அடுத்த தீபாவளிக்கும் மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கும். கேட்டால், "சேவ் பண்ணி வெச்சிருக்கேன்." சேவ் என்ற சொல்லுக்கு அகராதியில் எத்தனையோ அர்த்தம் உண்டு. அம்மாவுக்கு அத்தனையும் வேண்டாம், ஒன்றே ஒன்றுதான்: இப்போது பயன்படுத்தாதே. அப்புறம் எப்போது என்று அவள் சொன்னதில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அறுபத்தைந்து தாண்டியதும் அம்மாவுக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. முதலில் ஒரு காது மொத்தமாகப் போனது. மறு காதும் போகப்பார்த்தபோதுதான் மெஷின் வைத்துக்கொள்ளச் சம்மதித்தாள். காதுக்குப் பின்னால் உட்காரும் சின்ன மெஷின், உள்ளே பருப்பு அளவுக்கு ஒரு பேட்டரி. புதுப் பேட்டரியின் முதுகில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதை உரித்த பிறகுதான் பேட்டரிக்கு உயிர் வரும்.

தேக்கா பக்கம் இருந்த காது மெஷின் கடைக்கு நானும் அப்பாவும் அம்மாவும்தான் போனோம். போட்டுவிட்டதும் அம்மா திடுக்கிட்டு, "என்ன இது, என் சேலை இப்படிச் சத்தம் போடுது?" என்றாள். புடவை உரசும் சத்தத்தை அவள் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நான் அழுதுவிட்டேன். அப்பா அழவில்லை. பேட்டரி எவ்வளவு நாள் வரும் என்று கேட்டார். கவுண்டரில் இருந்த தமிழ்ப்பெண், "யூஸ் பண்றதப் பொறுத்து, அங்கிள்" என்றாள்.

போதாதா? வீடு திரும்ப ரயிலில் தோ பாயோ வந்து இறங்குவதற்குள் அப்பா சட்டம் போட்டுவிட்டார். "சும்மா இருக்கறப்ப எதுக்குக் காதுல? கழட்டி வெச்சிடு. சேவ் பண்ணு."

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் அம்மா மெஷினைக் கழற்றுவாள். பேட்டரியை நகத்தால் நெம்பி எடுப்பாள். உரித்த ஸ்டிக்கரைத் தூக்கிப் போடாமல் பழைய தைல டப்பாவின் மூடியில் ஒட்டி வைத்திருப்பாள். அதை எடுத்து மறுபடி பேட்டரியின் முதுகில் ஒட்டுவாள். மெஷின், பேட்டரி இரண்டையும் டப்பாவுக்குள் வைத்து மூடி, டிவி மேசை மேல் வைப்பாள். சாயங்காலம் நாலு மணிக்கு டீ போட எழுந்திருக்கும்போதுதான் மறுபடி மாட்டுவாள். அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார், "ஊரே ஒரு அட்டை பேட்டரிய ஒரு மாசத்துல முடிக்குது, இவ மேல ஒரு வாரம் இழுக்கறா" என்று.

இதில் எங்களுக்கும் ஒரு வசதி இருந்தது, மறைக்கக்கூடாது. டப்பா மூடிய நேரம்தான் எங்கள் வீட்டில் ரகசியம் பேசும் நேரம். அம்மா எதிரிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். நாங்கள் பாட்டுக்குப் பேசுவோம். அண்ணனுக்கு வேலை போனதை அப்படித்தான் பேசினோம். என் மார்பில் கட்டி என்று டாக்டர் சந்தேகப்பட்டதை, அது ஒன்றுமில்லை என்று தெரியும்வரை, அப்படித்தான் பேசினோம். அவளுக்கு அறுபதாம் கல்யாணத்தில் போட முடியாத சங்கிலியைப் பிறகு வாங்கித் தர நினைத்தபோது, அவள் மூக்குக்கு நேரே டிசைன் பார்த்துச் சண்டை போட்டோம். முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டால் போதும். அம்மா நிமிர்ந்து பார்த்தால் சிரித்துவிடுவோம், அவளும் சிரிப்பாள்.

அந்த நாள் வேலை நாள். நான் அலுவலகத்தில் இருந்தேன். அப்பா ஒரு காலத்தில் மூட்டை தூக்கிய அதே தஞ்சோங் பகாரில், குளிர்சாதன அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் நான். நாலு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அம்மாவிடமிருந்து போன். அம்மா போன் பண்ணுகிறவளே இல்லை, அதுவும் சேவ். "அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாருடி. எழுந்திருக்க முடியல" என்றாள்.

நான் அங்கிருந்தே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு டாக்சி பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். எமர்ஜென்சி வாசலில் அம்மா சமையல் கைலியோடு, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். கையில் நெத்திலி வாடை. அவள் சொன்னது இதுதான். சாப்பிட்ட பிறகு அப்பா தூங்கப் போய்விட்டார் என்று நினைத்து, இவள் ஹாலில் உட்கார்ந்து மறுநாள் சம்பாலுக்கு நெத்திலி தலை கிள்ளியிருக்கிறாள். டிவி படம் மட்டும் ஓடியிருக்கிறது. நாலு மணிக்கு மெஷினை மாட்டிக்கொண்டு டீ போட அடுப்படிக்குப் போயிருக்கிறாள். பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது, கதவிடுக்கில் வெளிச்சம்.

"இந்த மனுஷன் லைட்ட அணைக்காமப் போயிட்டாரேன்னு சுவிட்ச அணைச்சேன். உள்ளேருந்து முனகற சத்தம் வந்துச்சு" என்றாள். "கேட்டா, இப்பத்தான் வழுக்குச்சுன்னாரு."

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இளம் டாக்டர், தமிழர் இல்லை. எத்தனை மணிக்கு விழுந்தார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அம்மாவைக் கேட்டேன். "நாலு மணிக்கு. இப்பத்தான்" என்றாள். சொன்னேன். டாக்டர் அப்பாவின் விலாவிலும் தொடையிலும் சிவந்து கன்றியிருந்த இடங்களைக் காட்டினார். இது தரையில் ரொம்ப நேரம் கிடந்தவர் உடம்பு போல இருக்கிறது, இரண்டு மூன்று மணி நேரமாவது இருக்கும் என்றார். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றாரு?"

"எலும்பு முறிஞ்சிருக்காம். ஆபரேஷன் பண்ணணுமாம்" என்றேன். பொய் இல்லை. ஆனால் அது அவர் சொன்னதும் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் அம்மாவைச் சாப்பிட அனுப்பிவிட்டு நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் குரல் கரகரவென்று, காற்றுதான் வந்தது. ஆபரேஷனுக்காகத் தொண்டையில் குழாய் வைத்ததால் இருக்கும் என்று நினைத்தேன்.

"இல்ல புள்ள. கத்திக் கத்திப் போயிடுச்சு" என்றார்.

"எப்பப்பா விழுந்தீங்க?"

"சாப்பிட்டுட்டு கால் கழுவப் போனேன்ல, அப்பவே. ரொம்ப நேரம் கூப்பிட்டேன். மேல் வீட்டுல ரெனோவேஷன், ட்ரில் போட்டுக்கிட்டே இருந்தானுங்க. செவுத்துல தட்டுனேன். பக்கெட்ட உதைச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சரி, நாலு மணிக்கு வருவாதானேன்னு படுத்துட்டேன்."

ஹாலுக்கும் அந்த பாத்ரூமுக்கும் என்ன தூரம்? மூன்றறை வீடு. நடுவில் ஒரு அடுப்படி. கூப்பிடு தூரம்தான்.

"அவகிட்ட சொல்லிடாத" என்றார் அப்பா. "இப்பத்தான் விழுந்தேன்னு சொல்லிருக்கேன். அதுவே இருக்கட்டும். நான் கூப்பிட்டேன்னு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அவ சோறு திங்கமாட்டா."

"சரிப்பா."

"அவ என்ன பண்ணுவா பாவம்? அந்த பேட்டரிய அவளுக்காகவா சேவ் பண்ணா? நான்தானே சேவ் பண்ணு, சேவ் பண்ணுன்னு உயிர வாங்குனேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, சத்தியம் கேட்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, தலைக்கு மேலே எரிந்த விளக்கைக் காட்டி, பகல்ல எதுக்கு இது என்றார். நான் எழுந்து அணைத்தேன். நர்ஸ் வந்து மறுபடி போட்டாள்.

அதன் பிறகு நெஞ்சில் சளி கட்டியது. நிமோனியா என்றார்கள். வயதானவர்கள் படுத்துவிட்டால் வருவதுதான் என்றார்கள். ஒரு நாள் தேறுவார், மறுநாள் இறங்குவார். அம்மா தினமும் காலையில் வந்து சாயங்காலம்வரை கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் என்னிடம் திரும்பி, "விழுந்தப்ப கூப்பிட்டாராமா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், காபி குடிச்சியா என்கிற மாதிரி. "எங்கேம்மா கூப்பிட? விழுந்த கையோட நீங்க வந்துட்டீங்கல்ல" என்றேன். தலையை ஆட்டினாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வாரமே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தது. நான் இரண்டு புளோக் தள்ளித்தான் இருக்கிறேன், வேலை முடிந்து தினமும் அம்மாவிடம் போய்விட்டுத்தான் என் வீட்டுக்குப் போவேன். அண்ணன் புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறான். அவனுக்குத்தான் ஆறவில்லை. ஆஸ்பத்திரிப் பேப்பரில் நெடுநேரம் தரையில் கிடந்தவர் என்று ஒரு வரி இருந்ததைப் பார்த்துவிட்டான். எப்போது விழுந்தார், யார் பார்த்தது, டாக்டர் ஏன் அப்படி எழுதினார் என்று நச்சரித்தான். "நான் அம்மாகிட்டயே கேக்கறேன்" என்று கிளம்பினான். அவன் அப்படிக் கேட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் போனில் அவனிடம் சொன்னேன், அப்பா சொன்ன அத்தனையையும். மறுபக்கம் வெகுநேரம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அம்மாவிடம் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். என் அண்ணன் கெட்டவன் இல்லை, இதை எழுதிவிடுகிறேன். அவன் வேண்டுமென்றே சத்தியத்தை மீறவும் இல்லை; மீறுகிறோம் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

அந்தச் சமயத்தில் அம்மா என்னிடம் பேட்டரி வாங்கி வரச் சொன்னாள். வாங்கிக் கொடுத்தேன். சீக்கிரமே மறுபடி கேட்டாள். பார்வை மங்கல், கீழே போட்டுத் தொலைக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அதே பெண்தான் இருந்தாள். அப்பா இறந்ததைச் சொன்னேன். என்ன தோன்றியதோ, அம்மா மதியத்தில் ஸ்டிக்கரைத் திருப்பி ஒட்டி பேட்டரியை சேவ் பண்ணுகிற கதையையும் சொன்னேன்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. "ஐயோ ஆன்ட்டி, நெறைய பாட்டிங்க அப்படித்தான் பண்றாங்க. ஸ்டிக்கர் எடுத்ததுமே காத்து உள்ள போயிடும் லா. அப்புறம் ஒட்டினாலும் அது பாட்டுக்கு எறங்கிக்கிட்டேதான் இருக்கும். கழட்டி வெச்சா கொஞ்சூண்டு சேவ் ஆகும், அவ்வளவுதான்."

கொஞ்சூண்டு. கையில் கறிவேப்பிலைப் பையோடு அந்தக் கடைக்குள் நான் நின்ற நிலையை எப்படிச் சொல்வது? முதல் நாளே இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவளைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. அவள் என்ன செய்வாள், கேட்டால்தானே சொல்வாள். அப்பா கேட்டது எவ்வளவு நாள் வரும் என்றுதான். அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து சிராங்கூன் சாலை ஓரம் வெகுநேரம் நின்றேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அத்தனை வருஷ மதியமும், அத்தனை நெம்பலும் ஒட்டலும், கொஞ்சூண்டுக்கு.

ஆத்திரத்தில் ஒன்றை யோசிக்க மறந்துவிட்டேன். அம்மா இன்னமும் மதியத்தில் கழற்றி வைக்கிறாள் என்றால், பேட்டரி எப்படி இவ்வளவு வேகமாகத் தீரும்? அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் அம்மா வீட்டுக்குத் தனியாக வந்தான். மீன் குழம்பு வைத்திருந்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். அம்மா கை கழுவிவிட்டு அறைக்குள் போய் அப்பாவின் கைலிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஊரிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் யாருக்காவது கொடுக்கலாம் என்று நாங்கள் முன்பே பேசியிருந்தோம். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். முடியை அவிழ்த்துவிட்டிருந்ததால் காது தெரியவில்லை. டிவி மேசை மேல் தைல டப்பா மூடியபடி இருந்தது.

அண்ணன் ஒரு பார்வை பார்த்தான், டப்பாவை. நானும் பார்த்தேன். எத்தனை வருஷப் பழக்கம்.

"இந்த வீட்ட வித்துடலாம். அம்மா எங்கூட வரட்டும்" என்றான்.

"அம்மா வரமாட்டாங்கண்ணே. இங்க கோயில் இருக்கு, மார்க்கெட் இருக்கு, நான் பக்கத்துல இருக்கேன்."

"நீ பகல்ல ஆபீஸ்ல இருக்க. இவங்க தனியா. ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"என்ன ஆகும்? இத்தன நாள் நல்லாத்தான இருக்காங்க. அவங்கள அங்க கொண்டுபோய் அடைச்சு வெச்சா ஒரே மாசத்துல சுருண்டுடுவாங்க."

எனக்குக் குரல் ஏறிவிட்டது. அவனுக்கும் ஏறியது. கையை மட்டும் ஆட்டாமல், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் சண்டை போட்டோம். அம்மா நீலக் கட்டம் போட்ட கைலியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா பேசு" என்றேன்.

"எதுக்கு மெதுவா? கழட்டியாச்சுல்ல." அவன் முன்னால் சாய்ந்தான். "நீ ஒத்துக்கவே மாட்டேங்கற. அப்பா பாத்ரூம்ல மூணு மணி நேரம் கத்திருக்காரு. செவுத்துல தட்டிருக்காரு. இவங்க இங்கயே, இந்த ஹால்ல உக்காந்திருக்காங்க. கேக்கல. நாளைக்கு அடுப்புல ஏதாச்சும் எரிஞ்சா கேக்குமா? எவனாவது கதவ உடைச்சா கேக்குமா?"

அம்மாவின் கை கைலி மேல் நின்றது.

நான் பார்த்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பியிருந்ததால் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம்கூட இருக்காது. பிறகு அந்தக் கை மறுபடி நீவியது, ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. மடித்ததைக் குவியலின் மேல் வைத்தாள். தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள்.

"நான் எங்கயும் வரலப்பா. அடுப்பெல்லாம் பாத்துக்குவேன். டீ போடவா?" என்றாள்.

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்தான், உட்கார்ந்தான், அம்மா என்றான். அவன் அவள் எதிரில் மண்டி போட்டு உட்கார்ந்து விசும்பியபோது, அம்மா அவன் தலையைத் தடவி, "ஏன்டா, நீ என்ன பொய்யா சொன்ன?" என்றாள். அதற்கப்புறம் அவனால் அங்கே இருக்க முடியவில்லை. போட்ட டீயைக் குடிக்காமல் போய்விட்டான்.

நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே உபயோகித்த பேட்டரிகளும் நாலைந்து ஆரஞ்சு ஸ்டிக்கர்களும் கிடந்தன. மெஷின் இல்லை.

"அவரு போனதிலேருந்து கழட்டறதில்ல" என்றாள் அம்மா. "படுக்கறப்பகூட. தலகாணில பட்டா கீய்னு கத்துது, அப்பவும் கழட்டல."

"ஏம்மா சொல்லல?"

"தரை காஞ்சிருந்துச்சு" என்றாள்.

"என்ன?"

"பாத்ரூம் தரை. இப்பத்தான் வழுக்குச்சுன்னாரு. இப்பத்தான் வழுக்கியிருந்தா ஈரமா இருக்கணும்ல? கால் கழுவுன தண்ணி பொட்டு இல்லாம காஞ்சு கிடந்துச்சு. அவரு கைலியும் காஞ்சிருந்துச்சு. தெனம் தொடைக்கறவளுக்குத் தெரியாதா, அந்தத் தரை காய எவ்வளவு நேரமாகும்னு?" குவியலில் இருந்து ஒரு கைலியை எடுத்து, மடித்ததைப் பிரித்து, மறுபடி மடித்தாள். "ரொம்ப நேரமாக் கிடந்திருக்காருன்னு அப்பவே தெரியும். கூப்பிட்டாரான்னுதான் தெரியல. விழுந்ததும் மயக்கமாயிருப்பாரு, கூப்பிட்டிருக்கமாட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன். நீயும் கூப்பிடலன்னு சொன்ன."

"அப்பாதான் சொல்லக்கூடாதுன்னாரு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

"எப்படிக் கூப்பிட்டாராம்?"

எனக்குப் புரியவில்லை.

"இந்தான்னு கூப்பிட்டாரா? இல்ல பேர் சொல்லியா?"

அப்பா ஒரு நாளும் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'இந்தா' தான் அவளுக்குப் பெயர். அடுப்படியில் இருந்தாலும் இந்தா, கோயிலில் கூட்டத்தில் தொலைந்தாலும் இந்தா. அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர் இருக்க, அவள் மட்டும் திரும்புவாள். அன்றைக்கு எப்படிக் கூப்பிட்டார் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"இந்தான்னுதான் கூப்பிட்டிருப்பாரு" என்றாள். பிறகு முடியை ஒதுக்கி, மெஷினைக் கழற்றி, கைலிக் குவியலின் மேல் வைத்தாள். பேட்டரியை நெம்பி எடுக்கவில்லை. ஸ்டிக்கரைத் தேடவில்லை. அது அந்தத் துணி மேல் கீய் என்று சன்னமாகக் கத்திக்கொண்டே கிடந்தது. நானே எடுத்து அதன் பேட்டரி மூடியைத் திறந்து நிறுத்தினேன்.

அதன் பிறகு அவள் அதை மாட்டவே இல்லை. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், அவள் காதருகே போய்ச் சத்தமாகப் பேசுவான், அவள் சிரிப்பாள். வீட்டை விற்கும் பேச்சை அவன் எடுப்பதில்லை. நான் வாசல் மணிக்கு விளக்கு எரிகிற மாதிரி ஒன்று பொருத்தியிருக்கிறேன், பாத்ரூமில் வழுக்காத பாய் போட்டிருக்கிறேன். தேக்காவில் வாங்கிய பேட்டரி அட்டை உரிக்காத ஸ்டிக்கர்களோடு டிவி மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கிறது. ஃபேனை இப்போது மூன்றில்தான் வைக்கிறாள். பாத்ரூம் விளக்கு ராவும் பகலும் எரிகிறது, அதை யாரும் அணைக்கக் கூடாது. அவள் வாயில் சேவ் என்ற சொல்லை நான் மறுபடி கேட்கவில்லை.

போன வாரம் அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் என் வாயைப் பார்க்கும்படி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டேன். பேட்டரி நிறைய இருக்கும்மா, நாள் பூரா போட்டுக்க, தீர்ந்தா நான் வாங்கித் தரேன், தயவு செஞ்சு மாட்டிக்க என்றேன். அம்மா என் கன்னத்தைத் தொட்டாள்.

"எதுக்குடி?" என்றாள். "இனிமே யாரு கூப்பிடப் போறா?"